பைத்தான்ல இருந்து லிப்விப்ஸ கூப்பிட்டா ஏன் செக்ஃபால்ட் அடிக்குது, மெமரி ஏன் இறங்க மாட்டேங்குது

நீங்க கேட்டது இதுதான். கல்யாண ஃபோட்டோ அப்லோட் பண்ற சைட் ஒண்ணுக்கு தம்ப்நெயில் எடுக்கணும், பைத்தானோட பட லைப்ரரியான பில்லோ மெமரிய ரொம்ப தின்னுதுன்னு, சி மொழில எழுதின பட லைப்ரரியான லிப்விப்ஸ் பக்கம் வந்தீங்க, பைத்தான்ல இருந்து சி ஃபங்ஷன்கள கூப்பிட உதவுற சிடைப்ஸ வச்சு நீங்களே நேரா கூப்பிட்டு எழுதிட்டீங்க, லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல போட்டா செக்மென்டேஷன் ஃபால்ட் (சுருக்கமா செக்ஃபால்ட், தொடக்கூடாத மெமரிய தொட்டு ப்ராசஸ் விழறது), க்ராஷ் ஆகாத நாள்ல மெமரி ஏறிக்கிட்டே போகுது, கோடையும் காட்டி, பேசாம பில்லோவுக்கே திரும்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க.

திரும்ப வேண்டாம். ஆனா நீங்க எழுதின சிடைப்ஸ் கோட மொத்தமா எடுத்துட்டு பைவிப்ஸ் போட்டுக்கோங்க, அது இதே லிப்விப்ஸுக்கு சரியா எழுதின பைத்தான் பைண்டிங், அதாவது சி லைப்ரரிய பைத்தான்ல இருந்து கூப்பிட வைக்கிற இணைப்பு. அவசரம்னா இதோட நிறுத்திக்கலாம். ஆனா இதே கஷ்டம் நாளைக்கு லெப்டோனிக்கா, இமேஜ்மேஜிக் மாதிரி மத்த பட லைப்ரரிக்கும் வரும், எந்த சி லைப்ரரிய தொட்டாலும் வரும், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை ஒழுங்கா பாத்துடுறது நல்லது. ரெண்டு மொழியும் தொட்டுக்குற இடத்துல ரெண்டே கேள்விதான்: போற வர்ற மதிப்போட டைப் என்ன, வர்ற மெமரி யாரோடது. நீங்க சொன்ன பிரச்சனைல முக்கால்வாசி இந்த ரெண்டுக்குள்ள அடங்கிடும்.

முதல்ல டைப். எந்த ஃபங்ஷனுக்கு என்ன டைப்னு எழுதியிருக்குற ஹெடர் ஃபைல சிடைப்ஸ் படிக்கிறதே இல்ல. லைப்ரரிய லோட் பண்ணும், நீங்க சொன்ன பேர்ல ஒரு ஃபங்ஷன் இருக்கான்னு பாக்கும், இருந்தா கூப்பிடும், அவ்ளோதான். அது என்ன திருப்பிக் குடுக்குதுன்னு நீங்க ரெஸ்டைப்ல சொல்லலன்னா, சாதாரண இன்ட்னு (முழு எண்) அதுவா முடிவு பண்ணிக்கும். இன்ட்னா 32 பிட். படத்த திறக்குற ஃபங்ஷன் குடுக்குறது பாயின்டர், அதாவது மெமரில ஒரு இடத்தோட அட்ரஸ், 64 பிட் மெஷின்ல அது 64 பிட். லினக்ஸ்ல ஒரு ப்ராசஸோட அட்ரஸ் 140 லட்சம் கோடி வரைக்கும் போகும், 32 பிட்டுக்குள்ள கொள்ளுறது 429 கோடி மதிப்புதான். அப்போ மேல்பாதி 32 பிட் சத்தமே இல்லாம வெட்டுப்பட்டு போயிடும், எரர் வராது, வார்னிங்கும் வராது, சில சமயம் பாயின்டர பிரிண்ட் பண்ணிப் பாத்தா மைனஸ் நம்பரா கூட இருக்கும், அந்த மைனஸ பாத்தாலே இதுதான் விஷயம்னு புரிஞ்சுக்கலாம்.

லேப்டாப்ல ஏன் ஓடுச்சுன்னா, பைத்தான் பைனரி எப்படி பில்ட் ஆகியிருக்குங்கறத பொறுத்து மெயின் த்ரெட்டோட ஹீப் (ஓடுறப்போ மெமரி வாங்குற இடம்) சில மெஷின்ல தாழ்வான அட்ரஸ்லயே உக்காந்துக்கும், அந்த அட்ரஸ் 32 பிட்டுக்குள்ளயே அடங்கிடும், வெட்டுறதுக்கு மேல ஒண்ணுமே இல்ல, அதனால தப்பான கோடும் சரியா ஓடுற மாதிரி தெரியும். சர்வர்ல வெப் ஃப்ரேம்வொர்க் உங்க கோட வொர்க்கர் த்ரெட்ல ஓட்டும். மெயின் இல்லாத த்ரெட்டுக்கு ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) தனி அரீனா, அதாவது தனி மெமரி பகுதி, ஒதுக்கும், அது உயரமான அட்ரஸ்ல இருக்கும், அங்க வாங்குற பாயின்டர்ல மேல்பாதி காலியா இருக்காது. வெட்டினதும் அது வேற எங்கயோ காட்டும், தொட்ட உடனே ப்ராசஸ் போயிடும். லேப்டாப்லயே இத பாக்கணும்னா தம்ப்நெயில் எடுக்குற கோட ஒரு த்ரெட்டுக்குள்ள போட்டு ஓட்டிப் பாருங்க, அங்கயும் விழ நிறைய சான்ஸ் இருக்கு.

ரெஸ்டைப்ப மட்டும் சரி பண்ணிட்டு, குடுக்குற ஆர்குமென்டோட டைப்ப சொல்ற ஆர்க்டைப்ஸ விட்டுட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. ரெஸ்டைப்ல வாய்ட் பாயின்டர்னு சொன்னா பைத்தானுக்கு முழு நம்பரா வந்துடும், ஆனா அந்த நம்பர அடுத்த ஃபங்ஷனுக்கு குடுக்குறப்போ அங்க ஆர்க்டைப்ஸ் இல்லன்னா திரும்பவும் இன்ட்னு நெனச்சு வெட்டிடும், வர்ற வழிய அடைச்சிட்டு போற வழிய திறந்து வச்ச கதைதான். ஃபைல் பேர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஆர்க்டைப்ஸ் சொல்லாம பைத்தான் ஸ்ட்ரிங்க நேரா குடுத்தா சிடைப்ஸ் அத வைட் கேரக்டரா அனுப்பும், லினக்ஸ்ல ஒரு எழுத்துக்கு 4 பைட், சாதாரண ஆங்கில எழுத்துன்னா முதல் பைட் எழுத்து, மீதி மூணும் பூஜ்யம். சி பக்கம் பூஜ்யத்த பாத்ததும் ஸ்ட்ரிங் முடிஞ்சதுன்னு நெனச்சுக்கும். அதனால நீங்க எவ்ளோ நீள பேர் குடுத்தாலும் லிப்விப்ஸ் முதல் எழுத்த மட்டும் சொல்லி அந்த ஃபைல் இல்லன்னு எரர் குடுக்கும். தமிழ்ல பேர் வச்ச ஃபைல்னா அந்த ஒரு எழுத்து கூட உருப்படியா வராது, ரெண்டு குப்பை பைட்தான். பேர யுடிஎஃப் 8 பைட்ஸா என்கோட் பண்ணி, ஆர்க்டைப்ஸ்ல கேர் பாயின்டர்னு சொல்லி அனுப்பினா தீர்ந்துச்சு.

இதுவரைக்கும் சொன்னது எல்லா சி லைப்ரரிக்கும் பொது. லிப்விப்ஸுக்கே உரிய சிக்கல் வேற, அதோட ஃபங்ஷன்கள்ல பெரும்பாலானது வேரியாடிக், அதாவது ஆர்குமென்ட் எண்ணிக்கை கூடக் குறைய மாறலாம். தம்ப்நெயில் ஃபங்ஷன எடுத்துக்கோங்க, ஃபைல் பேர், அவுட்புட் வைக்கிற இடம், அகலம் இது மூணும் நிலையானது, அதுக்கப்புறம் விருப்பம் போல ஆப்ஷன் பேரும் மதிப்பும் ஜோடி ஜோடியா வரும், கடைசில நல் (எதையும் காட்டாத காலி பாயின்டர்) போட்டு முடிக்கணும். சி ல எழுதுறவங்களுக்கு இது சுகமா இருக்கும், வெளிய இருந்து கூப்பிடுறவங்களுக்கு கண்ணிவெடி. கடைசி நல் போட மறந்தா சி பக்கம் நிறுத்தாம அடுத்து இருக்குற குப்பைய எல்லாம் ஆப்ஷன்னு நெனச்சு படிச்சுக்கிட்டே போகும். நல்லுக்கு பதிலா பூஜ்யம் போட்டீங்கன்னா அது 32 பிட் இன்ட்டா போகும், மேல்பாதில என்ன இருக்கும்னு யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாது, பைத்தானோட நன் போட்டாதான் சரியான நல் பாயின்டரா போகும். எம்1 மாதிரி ஆப்பிளோட ஏஆர்எம் மெஷின்ல இன்னொரு படி மேல, அங்க நிலையான ஆர்குமென்ட் ரெஜிஸ்டர்ல போகும், வேரியாடிக் பகுதி ஸ்டாக்ல போகும், எது வரைக்கும் நிலையானதுன்னு நீங்க ஆர்க்டைப்ஸ்ல சொல்லலன்னா சிடைப்ஸுக்கு தெரிய வழியே இல்ல. இன்டெல்ல ஓடுற கோட் மேக்ல குழம்புறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். இது போக ஹெடர்ல மேக்ரோவா (கம்பைல் ஆகுறப்பவே விரிஞ்சு மறையுற சுருக்கம்) இருக்குறத வெளிய இருந்து கூப்பிடவே முடியாது, லிப்விப்ஸ ஆரம்பிக்கிற இனிட் கூட சி ல மேக்ரோவாதான் எல்லாரும் எழுதுவாங்க, நீங்க அதுக்கு உள்ள இருக்குற நிஜ ஃபங்ஷன தேடிப் பிடிச்சு கூப்பிடணும்.

பைவிப்ஸ் இந்த வேரியாடிக் வாசல்ல நுழையறதே இல்ல, அதோட வடிவமைப்புல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. லிப்விப்ஸ் முழுக்க ஜிஆப்ஜெக்ட்ங்கற சி ஆப்ஜெக்ட் அமைப்பு மேல கட்டினது. அதுல ரீசைஸ், தம்ப்நெயில், ரொடேட்னு ஒவ்வொரு ஆபரேஷனும் ஒரு ஆப்ஜெக்ட், அதோட இன்புட் அவுட்புட் எல்லாம் அதோட ப்ராபர்ட்டி. பைவிப்ஸ் பேர சொல்லி ஆபரேஷன உருவாக்கும், உனக்கு என்னென்ன ப்ராபர்ட்டி வேணும், எது கட்டாயம், எது ஆப்ஷன், டைப் என்னன்னு லைப்ரரிகிட்டயே கேக்கும், ஒவ்வொண்ணா நிரப்பும், பில்ட் பண்ணும், அவுட்புட்ட எடுத்துக்கும். கிட்டத்தட்ட 300 ஆபரேஷன் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கையால ஒரு ரேப்பர் எழுதல, லைப்ரரில புதுசா ஒரு ஆபரேஷன் வந்தா பைண்டிங்ல ஒரு வரி மாத்தாம அது பைத்தான்ல வந்துடும். ரூபிக்கும் பிஎச்பிக்கும் இருக்குற விப்ஸ் பைண்டிங்கும் இதே வழிதான். இப்படி தன்னப் பத்தி தானே சொல்ற லைப்ரரி கிடைச்சா அந்த வழியத்தான் பிடிக்கணும், ஹெடர பாத்து கையால டைப் எழுதுறது எப்பவும் ரெண்டாம்பட்சம்.

பைவிப்ஸ் உள்ள சிடைப்ஸ் கிடையாது, சி ய கூப்பிட உதவுற இன்னொரு கருவியான சிஎஃப்எஃப்ஐ. அதுல சி டிக்ளரேஷன அப்படியே டெக்ஸ்டா குடுப்பாங்க, அதனால டைப் தப்பா போற வாய்ப்பு ரொம்ப கம்மி. இன்ஸ்டால் பண்றப்போ உங்க மெஷின்ல சி கம்பைலரும் லிப்விப்ஸ் ஹெடரும் இருந்தா குட்டி எக்ஸ்டென்ஷன் ஒண்ண கம்பைல் பண்ணிக்கும், அது வேகமா ஸ்டார்ட் ஆகும், கூப்பிடுற செலவும் கம்மி. இல்லன்னா ரன் டைம்ல லைப்ரரிய திறந்து அப்படியே ஓடும். பிப்ல பைவிப்ஸோட பைனரின்னு எக்ஸ்ட்ரா ஒண்ணு இருக்கு, அத சேர்த்து போட்டா லிப்விப்ஸும் கூடவே வந்துடும், சர்வர்ல தனியா எதுவும் போட வேண்டாம், உங்க வேலைக்கு அதுவே போதும்.

இப்போ ரெண்டாவது கேள்வி, மெமரி யாரோடது. இதுதான் உண்மையான பாடம், கொஞ்சம் நின்னு பாப்போம். பைத்தான்ல உங்க கைல இருக்குற இமேஜ் ஆப்ஜெக்ட் சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் மாதிரி, சைக்கிள் உள்ள நிக்குது. டோக்கன் சில பைட்தான். உள்ள நிக்கிறது 6000க்கு 4000 ஃபோட்டோன்னா, பிக்சலுக்கு 3 பைட், விரிச்சு வச்சா 7 கோடியே 20 லட்சம் பைட், அதாவது 72 எம்பி. பைத்தானோட கணக்குல இந்த 72 எம்பி எங்கயுமே தெரியாது. பைத்தான்ல ரெஃபரன்ஸ் கவுன்ட் (ஒரு ஆப்ஜெக்ட்ட எத்தனை இடம் பிடிச்சிருக்குங்கற எண்ணிக்கை) இருக்குறதால கடைசி வேரியபிள் போன உடனே டிஸ்ட்ரக்டர் ஓடி சி பக்கம் அன்ரெஃப் ஆயிடும், அதாவது அங்க இருக்குற பிடியும் விட்டுடும், அந்த அளவுக்கு நமக்கு அதிர்ஷ்டம். ரூபிலயும் நோட்.ஜேஎஸ்லயும் அது கூட இல்ல, அங்க வேண்டாத மெமரிய அள்ளுற கார்பேஜ் கலெக்டர் எப்போ தோணுதோ அப்போதான் வரும், டோக்கன் சின்னதா இருக்குறதால மெமரி நெருக்கடி எதுவும் இல்லன்னு அது சும்மா இருக்கும், இங்க ராம் நிரம்பிக்கிட்டே இருக்கும். பைத்தான்லயும் நீங்க லிஸ்ட்ல போட்டு வச்சாலோ, எக்ஸெப்ஷன் ட்ரேஸ்பேக்க எங்கயாவது பிடிச்சு வச்சாலோ, அந்த ஃப்ரேம்ல இருந்த படமும் சேர்ந்து உயிரோட இருக்கும். எரர் லாகர்கள் ட்ரேஸ்பேக்க வச்சுக்குற பழக்கம் உள்ளது, அத பாத்துக்கோங்க.

லிப்விப்ஸ்ல இருந்து உங்க கைக்கு வர்ற பாயின்டர் எல்லாம் ஒரே ஜாதி இல்ல. படத்த திறந்தா, ஆபரேஷன் பண்ணினா வர்ற இமேஜ் புது ரெஃபரன்ஸ், அது உங்களோடது, முடிஞ்சதும் நீங்கதான் அன்ரெஃப் பண்ணணும். படத்தோட ஃபைல் பேரு, மெட்டாடேட்டா ஸ்ட்ரிங் கேட்டா வர்ற பாயின்டர் இரவல், அது படத்துக்கு சொந்தம், அத ஃப்ரீ பண்ணினா ரெட்டை ஃப்ரீ ஆகி ப்ராசஸ் விழும், படம் போனதுக்கு அப்புறம் அத படிச்சா குப்பைய படிப்பீங்க. பஃபரா சேவ் பண்ணினா வர்ற ஜேபெக் பைட்ஸ் மூணாவது வகை, அதுவும் உங்களோடது, ஆனா அன்ரெஃப் கிடையாது, ஜிலிப்போட (ஜிஆப்ஜெக்ட் வர்ற லைப்ரரி, ஜிலிப்சி வேற) ஃப்ரீ ஃபங்ஷன் வச்சு விடணும். சி யோட சாதாரண ஃப்ரீ போட்டா லினக்ஸ்ல பெரும்பாலும் தப்பிச்சிடும், விண்டோஸ்ல ஒவ்வொரு டிஎல்எல்லும் வேற ரன்டைம்ல பில்ட் ஆகியிருந்தா வேற வேற ஹீப், அங்க விழுந்துடும். ஒவ்வொரு ஃபங்ஷனோட டாகுமென்டேஷன்லயும் இது எழுதியிருக்கும், அத படிக்காம கூப்பிடவே கூடாதுன்னு நான் உறுதியா சொல்வேன்.

நீங்க காட்டின கோட்ல லீக் ஆகுற இடம் எனக்கு கண்ணுல பட்டுச்சு. படத்த மெமரிக்கு எழுதுற ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப்பா கேர் பாயின்டர் போட்டிருக்கீங்க. சிடைப்ஸ் கேர் பாயின்டர ரிட்டர்னா பாத்தா உடனே அத பைத்தான் பைட்ஸா காப்பி பண்ணி உங்ககிட்ட குடுத்துட்டு, ஒரிஜினல் அட்ரஸ தூக்கிப் போட்டுடும். அப்புறம் எதை ஃப்ரீ பண்ணுவீங்க? அட்ரஸே கைல இல்லயே. ஒவ்வொரு படத்துக்கும் அந்த பஃபர் அப்படியே தங்கிடும். அதோட காப்பியும் முதல் பூஜ்ய பைட்டோட நின்னுடும், படத்துல கறுப்பு பிக்சல் வந்தா அங்கயே கட். ஜேபெக் பஃபர்ல இன்னும் பளிச்னு தெரியும், ஜேஃபிஃப் தலைப்பு உள்ள ஜேபெக் 255, 216, 255, 224ன்னு ஆரம்பிக்கும், அஞ்சாவது பைட் பூஜ்யம். அதனால கேர் பாயின்டரோட மதிப்ப எடுத்து ஃபைல்ல எழுதினீங்கன்னா சரியா 4 பைட் உள்ள ஜேபெக் கிடைக்கும். 4 பைட் ஃபைல் வருதுன்னு புலம்புறவங்க பலருக்கும் காரணம் இதுதான். ரெஸ்டைப்ப வாய்ட் பாயின்டர்னு போட்டு, சிடைப்ஸோட ஸ்ட்ரிங் அட் ஃபங்ஷன வச்சு நீளம் சொல்லி காப்பி எடுத்து, அப்புறம் அந்த அட்ரஸ விடுங்க.

எதிர் திசைலயும் ஒரு ஆபத்து இருக்கு, அது இன்னும் கண்ணுக்கு தெரியாதது. நம்ம கிட்ட இருக்குற பைட்ஸ லிப்விப்ஸுக்கு குடுத்து, இத படமா எடுத்துக்கோன்னு சொன்னா அது காப்பி எடுக்காது, உங்க மெமரியவே காட்டிக்கிட்டு நிக்கும். நீங்க ஃபங்ஷன விட்டு வெளிய வந்ததும் பைத்தான் அந்த பைட்ஸ விட்டுடும். லிப்விப்ஸ் சோம்பேறி, நீங்க ரீசைஸ்னு சொன்னா அப்போ ஒரு பிக்சலையும் தொடாது, குழாய மட்டும் கோர்த்து வைக்கும், கடைசில எழுதச் சொல்ற நேரத்துலதான் எல்லாம் ஓடும். அதனால தப்பு பண்ணினது ஒரு வரில, சாகறது நூறு வரி தள்ளி சேவ் பண்ற இடத்துல, நீங்க சேவ்லதான் பக்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. சாகாம படத்துல பாதி கீழ கோடு கோடா வந்தா அதுவும் இதுதான். பைவிப்ஸ் இத சமாளிக்க ஒவ்வொரு இமேஜ் ஆப்ஜெக்ட்டுக்குள்ளயும் அது சார்ந்திருக்குற பஃபரோட ரெஃபரன்ஸ பிடிச்சு வச்சுக்குது, அந்த இமேஜ்ல இருந்து பொறக்குற இமேஜுக்கும் அத கடத்துது. நீங்களே எழுதினா இத ஒவ்வொரு இடத்துலயும் ஞாபகம் வச்சு செய்யணும், இல்லன்னா காப்பி எடுக்குற இன்னொரு ஃபங்ஷன் தனியா இருக்கு அத கூப்பிடணும். சி பக்கத்துக்கு குடுக்குற கால்பேக்குக்கும் இதே விதிதான், ப்ராக்ரஸ் பார்க்க ஒரு பைத்தான் ஃபங்ஷன சுத்திக் குடுத்துட்டு அந்த சுத்தின ஆப்ஜெக்ட எங்கயும் பிடிச்சு வைக்கலன்னா, கூப்பிடுற நேரத்துல அது உயிரோட இருக்காது.

இந்த சோம்பேறித்தனத்த குறை சொல்லிடாதீங்க, நீங்க பில்லோவ விட்டு இங்க வந்ததே அதுக்காகத்தான். விப்ஸ் 1990 வாக்குல வாசாரிங்கற ஐரோப்பிய திட்டத்துல பொறந்தது, ஓவியங்கள ரொம்ப பெரிய அளவுல, நிறம் பிசகாம டிஜிட்டலா எடுக்குறதுதான் வேலை, லண்டன் நேஷனல் கேலரி அதுல பங்கெடுத்துச்சு, ஜான் குப்பிட்டும் கிர்க் மார்ட்டினஸும் அத எழுத ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு இருந்த மெஷின்ல அவ்ளோ பெரிய படம் முழுசா மெமரிக்குள்ள கொள்ளவே கொள்ளாது, அதனால படத்த சின்ன சின்ன பகுதியா குழாய்ல இழுத்து, ஒரு பக்கம் படிச்சுக்கிட்டே மறு பக்கம் எழுதுற மாதிரி கட்டினாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அதே கட்டுமானம்தான் இன்னைக்கு சின்ன சர்வர்ல நூத்துக்கணக்கான ஃபோட்டோவ ஓட்ட உதவுது. ரெயில்ஸ் 7 புது ஆப்ல படம் மாத்த விப்ஸையே டீஃபால்ட்டா வச்சாங்க, நோட் பக்கம் ஷார்ப் லைப்ரரிக்கு உள்ள ஓடுறதும் இதுதான்.

அந்த பலன் முழுசா கிடைக்கணும்னா ஓப்பன் பண்ணிட்டு ரீசைஸ் பண்ணாதீங்க, தம்ப்நெயில் ஆபரேஷன நேரா ஃபைல் பேரோட கூப்பிடுங்க. வித்தியாசம் பெருசு. ஜேபெக்க டிகோட் பண்றப்பவே பாதியா, கால்வாசியா, எட்டுல ஒண்ணா சுருக்கி எடுக்குற வசதி லிப்ஜேபெக்லயே இருக்கு. தம்ப்நெயில் ஆபரேஷனுக்கு கடைசி அளவு முன்னாடியே தெரியும், அதனால 6000க்கு 4000 படத்துல 300 அகலத்துக்கு கேட்டா டிகோடர்கிட்டயே எட்டுல ஒண்ணு வாங்கிடும், 750க்கு 500, 72 எம்பிக்கு பதிலா 1.1 எம்பி, அப்புறம் மீதிய நல்ல ஃபில்டர் வச்சு சுருக்கும். ஏற்கனவே திறந்து வச்ச படத்த ரீசைஸ் பண்ணச் சொன்னா இந்த வழி அடைபட்டுப் போச்சு, முழு படத்தையும் டிகோட் பண்ணித்தான் ஆகணும். கூடுதலா, மொபைல்ல எடுத்த படத்தோட எக்ஸிஃப் ஓரியன்டேஷன (எந்தப் பக்கம் திருப்பணும்ங்கற குறிப்ப) தம்ப்நெயில் தானே பாத்து திருப்பிடும், சும்மா திறந்தா திருப்பாது, மாப்பிள்ளையும் பொண்ணும் படுத்துக்கிட்டு நிப்பாங்க. ஒரே ஒரு தடவை மேல இருந்து கீழ படிச்சா போதும்னா ஆக்ஸஸ சீக்வென்ஷியல்னு குடுங்க, மெமரி இன்னும் கம்மியாகும்.

பிக்சல் பிக்சலா பைத்தான் லூப்ல தொட ஆசைப்படாதீங்க. எல்லைய ஒரு தடவை தாண்டுறதுக்கு ஒரு மைக்ரோசெகண்ட்னு வச்சாலும் 2.4 கோடி பிக்சலுக்கு 24 செகண்ட் தாண்டுறதுக்கே போயிடும், வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கணக்கு போடணும்னா லிப்விப்ஸ்லயே கூட்டல் பெருக்கல் எல்லாம் மொத்த படத்துக்கும் இருக்கு, அதுல இல்லாதது வேணும்னா நம்பை அர்ரேவா ஒரே தடவைல எடுத்துக்கோங்க, பைவிப்ஸ் அதுக்கு நேரா வழி குடுக்குது.

மெமரி இறங்காதத பத்தி இன்னும் கொஞ்சம். லீக்க அடைச்சதுக்கு அப்புறமும் லினக்ஸோட டாப் கமாண்ட்ல நம்பர் இறங்காம நிக்கலாம், அது லீக் இல்ல. ஜிலிப்சில மெமரி ஒதுக்குற மல்லாக் 64 பிட்ல கோர் எண்ணிக்கைய போல எட்டு மடங்கு அரீனா வரைக்கும் திறந்துக்கும், லிப்விப்ஸ் நிறைய த்ரெட் போட்டு சின்ன சின்னதா வாங்கி வாங்கி விடும், அங்கங்க துண்டு துண்டா ஓட்டை விழுந்து கர்னலுக்கு திருப்பிக் குடுக்க முடியாம மாட்டிக்கும். மல்லாக் அரீனா மேக்ஸ்ங்கற என்விரான்மென்ட் வேரியபிள 2ன்னு வச்சுப் பாருங்க, இல்ல மல்லாக்குக்கு மாற்றான ஜெமல்லாக்க ப்ரீலோட் பண்ணுங்க, ஷார்ப் டாகுமென்டேஷன்லயும் லினக்ஸுக்கு ஜெமல்லாக்தான் சொல்லியிருக்காங்க. ரெண்டையும் பிரிச்சறிய சுலபமான வழி, ஒரே ஃபோட்டோவ லூப்ல ஓட்டிக்கிட்டே ராம பாருங்க, கொஞ்ச நேரத்துல சமதளமா நின்னுட்டா ஃப்ராக்மென்டேஷன், விடாம நேர்கோட்டுல ஏறினா லீக். லீக்னு தெரிஞ்சா விப்ஸ் லீக்ங்கற வேரியபிள போட்டு ஓட்டுங்க, ப்ராசஸ் முடியுறப்போ விடுவிக்காம விட்ட ஆப்ஜெக்ட் எல்லாத்தையும் அதுவே பட்டியல் போட்டுடும். லிப்விப்ஸ் சமீபத்துல பண்ணின ஆபரேஷன்கள கேஷ்ல வேற வச்சுக்கும். ஒவ்வொரு படமும் ஒரே தடவைதான் வரும்னா உங்களுக்கு அந்த கேஷால பலனில்ல, அதோட மேக்ஸ (அதிகபட்ச அளவ) பூஜ்யம் பண்ணிடுங்க. அதே பேர்ல ஃபைல மாத்தி எழுதிட்டு திரும்ப திறந்தா பழைய படமே வருதுன்னாலும் இந்த கேஷத்தான் சந்தேகப்படணும்.

த்ரெட் கணக்கையும் பாத்துக்கோங்க. லிப்விப்ஸ் தானாவே கோர் எத்தனையோ அத்தனை த்ரெட் போடும், உங்க சர்வர்ல 8 கோர், 8 வொர்க்கர் ப்ராசஸ்னா 64 த்ரெட் ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கும். த்ரெட் எண்ணிக்கைய சொல்ற விப்ஸ் கன்கரன்சி வேரியபிள 1 ஆக்கிட்டு வொர்க்கர் எண்ணிக்கையில ஓட்டுறது வெப் சர்வருக்கு நல்லா வேலை செய்யும். சி ஃபங்ஷன் ஓடுறப்போ சிடைப்ஸும் சிஎஃப்எஃப்ஐயும் ஜிஐஎல்ல (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் பைத்தான் கோட ஓட்டணும்ங்கற பூட்ட) விட்டுடும், அதனால மத்த பைத்தான் த்ரெட் நிக்காது. ஃபோர்க்குதான், அதாவது ஓடுற ப்ராசஸ அப்படியே நகல் எடுக்குறதுதான், எதிரி. மாஸ்டர் ப்ராசஸ்ல லிப்விப்ஸ இம்போர்ட் பண்ணி ஒரு படத்த தொட்டுட்டு அப்புறம் ஃபோர்க் பண்ணினா, குழந்தை ப்ராசஸுக்கு லாக்கெல்லாம் காப்பி ஆகி வரும், அத திறக்க வேண்டிய த்ரெட் வராது, அப்படியே தொங்கிடும். கூனிகார்ன் வெப் சர்வர்ல ப்ரீலோட் போட்டிருந்தா இம்போர்ட்ட வொர்க்கருக்குள்ள தள்ளிடுங்க. மல்டிப்ராசஸிங்ல ஸ்பான் இல்ல ஃபோர்க்சர்வர் வச்சுக்கோங்க, பைத்தான் 3.14ல லினக்ஸுக்கு ஃபோர்க்சர்வர்தான் டீஃபால்ட்.

யாரோ ஊர் பேர் தெரியாதவங்க அப்லோட் பண்ற படத்த திறக்குறீங்க, இத லேசா எடுத்துக்காதீங்க. சி ல எழுதின டிகோடர்ல ஒரு ஓட்டை இருந்தா அது உங்க சர்வர்ல நேரா ஓட்டை. 2016ல இமேஜ்மேஜிக்ல வெளிவந்த இமேஜ்ட்ராஜிக் ஓட்டைல, படம்னு சொல்லி அனுப்பின ஃபைலே சர்வர்ல கமாண்ட் ஓட்ட முடிஞ்சது. லிப்விப்ஸ் 8.13ல இருந்து நம்பகமில்லாத லோடர்கள (ஒவ்வொரு ஃபைல் வகையையும் திறக்குற பகுதிகள) மொத்தமா தடுக்குற சுவிட்ச் இருக்கு, ஆரம்பத்துலயே அத போட்டுடுங்க, கல்யாண ஃபோட்டோவுக்கு ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி தவிர வேற என்ன வேணும்? திறந்ததும் அகலம் உயரத்த பாத்து அளவுக்கு மீறினா தள்ளிடுங்க, சோம்பேறி லைப்ரரிங்கறதால தலைப்ப மட்டும் படிச்சு அளவு சொல்லிடும், டிகோட் செலவு இல்ல. பில்லோல இதுக்கு 8,94,78,485 பிக்சல்னு ஒரு வரம்பு உள்ளயே இருக்கு, தாண்டினா வார்னிங், ரெண்டு மடங்கு தாண்டினா எரர். லிப்விப்ஸ்ல அத நீங்கதான் போட்டுக்கணும்.

பில்லோ பத்தி கேட்டீங்களே. 1995ல ஃப்ரெட்ரிக் லண்ட் ஆரம்பிச்ச பிஐஎல்லோட வாரிசு அது, 2010ல பில்லோன்னு பிரிஞ்சு வந்து இன்னைக்கு வரைக்கும் நல்லா பராமரிக்கப்படுது, உள்ள அதுவும் சி தான், இந்த டைப் கவலை மெமரி கவலை எல்லாம் அவங்க உங்களுக்காக பட்டு முடிச்சிட்டாங்க. அதோட தம்ப்நெயில் மெதட்டும் ஜேபெக்க சுருக்கி டிகோட் பண்ணும். ஒரு நாளைக்கு கொஞ்சம் படம், பேக்ரவுண்ட் வேலை, அவசரமில்லன்னா பில்லோ தாராளமா போதும், அத குறைவா நெனைக்க ஒண்ணுமே இல்ல. உங்க விஷயத்துல பெரிய டிஎஸ்எல்ஆர் படம், ஒரே நேரத்துல பல பேர் அப்லோட், சின்ன ராம், அதுவும் வாட்டர்மார்க் போடுறப்போ முழு அளவு படத்தையே தொடுறீங்க, அங்க பில்லோ முழு படத்தையும் விரிச்சு வச்சுதான் வேலை செய்யும், லிப்விப்ஸ் குழாய்லயே முடிச்சிடும். அதனாலதான் பைவிப்ஸ்லயே இருங்கன்னு சொல்றேன்.

மாத்தினதுக்கு அப்புறமும் சர்வர்ல விழுந்தா பைத்தான ஃபால்ட்ஹேண்ட்லர் ஆப்ஷனோட ஸ்டார்ட் பண்ணுங்க, செக்ஃபால்ட் அடிக்கிற நொடில எந்த பைத்தான் வரில நின்னுச்சுன்னு லாக்ல வந்துடும். அது சேவ் பண்ற வரியா இருந்தா அங்கயே தேடாதீங்க, அந்த படம் எந்த பஃபர்ல இருந்து பொறந்துச்சுன்னு பின்னாடி போய் பாருங்க. அப்படியும் பிடிபடலன்னா ஜிடிபி டீபக்கர்ல பேக்ட்ரேஸ் எடுத்து, லிப்விப்ஸ் வெர்ஷனும் எப்படி இன்ஸ்டால் பண்ணினீங்கன்னும் சேர்த்து போடுங்க, பாத்து சொல்றேன்.